பெல்ட் மட்டும் போதும் என்கிற மகனுக்கு

மகனே, இதை நீ படிக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். பவித்ரா படிப்பாள், நீ பக்கத்தில் உட்கார்ந்து லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே கேட்பாய். தமிழில் கடைப் பலகையைக்கூட நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். உன்னை இங்கிலீஷ் மீடியத்தில் போட்டது நானும் உன் அப்பாவும்தான், அதனால் அதற்காக உன்னைக் கோபித்துக்கொள்ள முடியாது. போனில் சொல்லலாம் என்றால், நான் வாயைத் திறப்பதற்குள் "ஹான் மா, ஹான் மா, டீக் ஹை மா" என்று இந்தியில் சரி போட்டுப் போனை வைத்துவிடுகிறாய். காகிதத்தில் எழுதி, படம் பிடித்து, பவித்ராவின் போனுக்கு அனுப்பிவிட்டால் பாதியில் வைக்க முடியாது அல்லவா? பவித்ரா, கண்ணு, நிறுத்தாமல் படி. உன்னைப் பற்றி வருகிற இடத்தையும் வெட்கப்பட்டுக்கொண்டு தாண்டிவிடாதே. அவன் எழுந்து பால்கனிக்குப் போனால் வயிற்றைத் தூக்கிக்கொண்டு நீ பின்னால் போக வேண்டாம், இருந்த இடத்திலிருந்தே சத்தமாகப் படி.

விஷயம் உங்கள் கார்தான். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கோபர்கைரனே வீட்டைக் காலிசெய்துவிட்டுப் பூனாவுக்குப் போகிறீர்கள். சாமான் டெம்போவில் போகும். நீயும், ஆறு மாத வயிற்றோடு பவித்ராவும் காரில் கண்டாலா மலைப்பாதை ஏறுவீர்கள். அந்தக் கார் இப்போது செம்பூரில் காதர் பாய் காரேஜில் ஒரு சக்கரம் கழற்றப்பட்டு, எஞ்சினின் பக்கவாட்டு மூடி திறந்து கிடக்கிறது. சர்வீசுக்கு விட்ட இடத்தில் டைமிங் பெல்ட்டில் வெடிப்பு இருப்பதை அவர் பார்த்திருக்கிறார். உனக்குப் போன் செய்தார். "பெல்ட் மட்டும் மாத்துங்க பாய், மத்ததெல்லாம் சலேகா, அப்படியே ஓடும்" என்று நீ சொல்லிவிட்டாய். அவர் பழைய பழக்கத்தில் எனக்கும் ஒரு போன் போட்டார். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து உன்னைக் கூப்பிட்டேன். பெல்ட்டோடு சேர்த்து மாற்ற வேண்டியது இன்னும் நாலைந்து இருக்கிறது என்றேன். நீ என்ன சொன்னாய்? "அம்மா, உனக்கு எல்லாத்துக்கும் பயம். உன் பயத்துக்கெல்லாம் பார்ட்ஸ் மாத்த முடியாது." சொல்லிவிட்டு, மீட்டிங் என்று வைத்துவிட்டாய். நேற்றிலிருந்து அந்த ஒரு வரிதான் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

நீ சொன்னது பொய்யில்லை. எனக்கு எல்லாவற்றுக்கும் பயம்தான். நீ காலேஜ் போன நாட்களில் லோக்கலில் கதவோரம் தொங்குகிறாயோ என்று பயந்தேன். மழை வலுத்தால் குர்லாவில் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறிவிட்டதா என்று டி.வி.யை விட்டு நகர மாட்டேன். கேஸை மூடிவிட்டுப் படிக்கட்டு இறங்கி, திரும்ப ஏறி வந்து மறுபடியும் திருகிப் பார்ப்பேன். உன் கல்யாணத்தில் நீ தாலி கட்டுகிற நேரத்தில் எல்லோரும் உங்களைப் பார்க்க, நான் மேடைக்கு மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆல்பத்தில் அந்தப் படம் வரும்போதெல்லாம் நீயும் உன் அப்பாவும் இன்னமும் சிரிக்கிறீர்கள். எனக்கு 'டென்ஷன் டிபார்ட்மென்ட்' என்று பேர் வைத்தது நீ. இதை எழுதுகிற நடுவிலும் ஒரு தடவை எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அணைந்துதான் இருந்தது.

ஆனால் இத்தனை வருஷம் பயந்து பயந்து எனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. ஒவ்வொரு பயத்தையும் எடுத்து, இது வெறும் பயமா, இல்லை விஷயம் இருக்கிறதா என்று பிரித்துப் பார்ப்பேன். மின்விசிறி வெறும் பயம். அதை அன்றைக்கே எனக்குத் தெரியும், தெரிந்தும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இந்தக் கார் விஷயம் அப்படி இல்லை. செம்பூருக்கும் மாட்டுங்காவுக்கும் இடையில் அத்தனை வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவள் நான். அந்த வேனின் முன்சீட்டில் உட்கார்ந்துதான் நீயும் பள்ளிக்கூடம் போனாய். இதை ஒரு அம்மா சொல்வதாகக் கேட்காதே, அந்த டிரைவர் சொல்வதாகக் கேள்.

அந்தக் காரை வாங்கிய அன்று நீ எவ்வளவு சந்தோஷமாக வந்தாய்! மாட்டுங்காவில் ரிட்டயர் ஆன ஒரு பாங்க் ஆபீசருடைய கார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும், எப்போதாவது முலுண்டில் மகள் வீட்டுக்கும் எடுப்பார், அவ்வளவுதான். ஆபீசுக்கு அவர் கடைசி நாள்வரை ட்ரெயினில்தான் போனார். கார் கட்டிடத்துக்குக் கீழே கவர் போட்டுக்கொண்டு நின்றது. "அம்மா, மீட்டரைப் பாரு, வண்டி ஓடவே இல்ல" என்றாய். நானும் உன்னோடு சேர்ந்து குனிந்து பார்த்து மகிழ்ந்தேன். பம்பாய்க்காரர்களாகிய நாம் மட்டும் செய்கிற தப்பு இது. மற்ற ஊரில் வண்டி வைத்திருப்பவர்கள் ஓட்டி ஓட்டித் தேய்ப்பார்கள். நாம் ட்ரெயினில் போய்க்கொண்டு, வண்டியை நிறுத்தி வைத்தே கிழடாக்குவோம், பிறகு மீட்டரைப் பார்த்து வண்டி இளசு என்று நம்புவோம். ரப்பருக்கு மீட்டர் படிக்கத் தெரியாது. நின்ற இடத்திலேயே அது காயும், இறுகும், வெடிக்கும். ஓடிய கொஞ்ச நேரத்திலும் பாதி நேரம் சயான் சிக்னலில் நின்றிருக்கும். வண்டி நகராவிட்டால் மீட்டர் நகராது, உள்ளே பெல்ட் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். கம்பெனியில் போட்ட அதே பெல்ட்தான் இன்றுவரை கிடக்கிறது என்று காதர் பாய் சொன்னார். போன மாதம் பூனாவில் வீடு பார்க்க நீங்கள் இரண்டு பேரும் அந்தப் பெல்ட்டை நம்பித்தான் மலை ஏறி இறங்கியிருக்கிறீர்கள்.

காரேஜில் நடந்ததைச் சொல்கிறேன். காதர் பாய் சீத்தா கேம்ப்காரர், பூர்வீகம் நம் திருநெல்வேலிப் பக்கம். கை சுத்தமான வேலைக்காரர்தான், ஆனால் விட்டால் காரில் பாதியை மாற்றச் சொல்வார். அதனால் நீ சந்தேகப்படுவதில் தப்பே இல்லை, நானும் சந்தேகத்தோடுதான் போனேன். ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, டீக்குச் சொல்லிவிட்டு ஆரம்பித்தார்.

"அக்கா, எப்பிடியும் தொறந்தாச்சு. எஞ்சினத் தாங்குத மவுண்டையும் மாத்திருவோம். ரேடியேட்டர் ஹோஸும் பழசாத்தான் இருக்கு. வெளிய ஓடுத ஃபேன் பெல்ட்டும்..."

"இரிங்க பாய், ஒவ்வொண்ணா வாங்க. மவுண்ட் கிழிஞ்சிருக்கா?"

"கிழியலக்கா. இருந்தாலும்..."

"அப்பம் அது கெடக்கட்டும். ஹோஸ அமுக்கிப் பாத்தியளா?"

"பாத்தேன். நல்லாத்தான் இருக்கு."

"அதுவும் கெடக்கட்டும். ஃபேன் பெல்ட்ட போன மழைக்கு முன்னால நீங்கதான மாத்துனிய?"

அவர் சிரித்துவிட்டார். "சரி, நீங்களே பாத்துச் சொல்லுங்க. பொறவு என்னயச் சொல்லப்பிடாது."

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவர் சொன்னதற்கெல்லாம் நான் தலையாட்டவில்லை என்று உனக்குத் தெரிய வேண்டும். என் பயத்துக்கெல்லாம் பார்ட்ஸ் மாற்ற ஆரம்பித்தால் காரில் மிச்சம் இருப்பது முன்கண்ணாடியில் தொங்கும் பிள்ளையார் மட்டும்தான், அவரையும் கயிறு நைந்துவிட்டதென்று மாற்றச் சொல்லுவேன். அப்படிச் சொல்லவில்லை. வேண்டாததை வேண்டாம் என்றேன். அதற்கு அப்புறமும் மிச்சம் நின்றதைத்தான் உனக்குச் சொல்கிறேன்.

எஞ்சினில் கீழே ஒரு தண்டு, மேலே ஒரு தண்டு. கீழே உள்ளதோடு பிஸ்டன்கள் ஏறி இறங்குகின்றன, மேலே உள்ளது வால்வுகளைத் திறந்து மூடுகிறது. இரண்டும் ஒரே தாளத்தில் சுற்ற வேண்டும், அதற்காகத்தான் பல் வைத்த அந்த பெல்ட். அது அறுந்தாலோ, பல் தாண்டினாலோ, பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும். அதோடு எஞ்சின் போச்சு. இதெல்லாம் நீயே நெட்டில் பார்த்திருப்பாய், அதனால்தான் பெல்ட்டுக்குச் சம்மதித்தாய். ஆனால் பெல்ட் தனியாக ஓடுவதில்லை. அதை இறுக்கிப் பிடிக்க டென்ஷனர் என்று ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. வழிமாறாமல் திருப்பிவிட ஐட்லர் என்று இன்னொரு சக்கரம். இரண்டுக்குள்ளும் பேரிங். அந்தக் காரில் எஞ்சினுக்குத் தண்ணீர் அனுப்பும் வாட்டர் பம்பையும் இதே பெல்ட்தான் சுற்றுகிறது. இவற்றில் எது ஒன்று இறுகினாலும், ஆடினாலும், பெல்ட் நேற்றுப் போட்டதாக இருந்தாலும் அறுந்துவிடும். பெல்ட் என்ன வயதோ, அவையும் அதே வயது.

நீ கேட்கப்போகிற கேள்வி எனக்குத் தெரியும். கெட்டுப்போய்விட்டதா என்று கேட்பாய். உள்ளதைச் சொல்கிறேன், பம்ப் கசியவில்லை. கீழே காய்ந்த பச்சைக் கறை மாதிரி ஒன்று தெரிந்தது, கூலண்ட் தண்ணீர் ஊற்றும்போது சிந்தியதாகவும் இருக்கலாம். டென்ஷனர் பார்வைக்கு நன்றாகவே இருந்தது. ஐட்லரை விரலால் சுற்றிவிட்டுக் காதை வைத்தேன். கிரீஸ் இருக்கிற பேரிங் சத்தமில்லாமல் கனமாகச் சுற்றி நின்றுவிடும். இது வறண்ட சத்தத்தோடு தானாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. மேல் தண்டின் முனையில் எண்ணெயைத் தடுத்து நிற்கிற ஆயில் சீலில் லேசான ஈரம். அந்த ஈரம் பெருகிப் பெல்ட்டில் விழுந்தால் புது ரப்பரும் ஊறிக் கெட்டுப்போகும். ஆக, இன்றைக்கு எதுவும் உடைந்து கிடக்கவில்லை. நீ சொன்னது அந்த அளவுக்குச் சரி. ஆனால் புது பெல்ட்டைப் போட்டு இறுக்குகிறபோது அந்த இழுப்பு முழுவதும் இந்தக் கிழட்டுப் பேரிங்குகள் மேல்தான் விழும். அடுத்த முறை பெல்ட் மாற்றுகிற நாள்வரை அவை தாங்குமா என்பதுதான் கேள்வி. தாங்காது என்பது என் எண்ணம். நடுவில் எங்கே விட்டுப்போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் பார்க்கிங்கில் வைத்தே விட்டுப்போனால் சந்தோஷம், மலை இறக்கத்தில் என்றால் என்ன செய்வாய்? மூடி இப்போது திறந்து கிடக்கிறது. கழற்றுவதுதான் பெரிய வேலை, அது முடிந்தாகிவிட்டது. மூடிவிட்டால் ஒரு பம்புக்காக எல்லாவற்றையும் திரும்பக் கழற்ற வேண்டும்.

இந்த இடத்தில் காதர் பாய் என்னிடம் ஒன்று சொன்னார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, தம்பிட்ட சொல்லாண்டாம். நான் எல்லாத்தையும் மாத்திருதேன். கேட்டாவன்னா, பெல்ட் செட்டாத்தான் கடைல வருதுன்னு சொல்லிக்கிடலாம்" என்றார். உண்மையில் பெல்ட்டும் டென்ஷனரும் ஐட்லரும் ஒரே பெட்டியில் செட்டாகவும் விற்கிறார்கள், அதனால் நீ சந்தேகப்பட்டிருக்கவே மாட்டாய். எனக்குச் சரி என்று சொல்ல வாய் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் இந்தக் கடிதமும் இல்லை, நேற்று ராத்திரி எனக்குத் தூக்கமும் கெட்டிருக்காது. சொல்லவில்லை. "வேண்டாம் பாய், வண்டி அவனுது. அவனே சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஆட்டோவில் வரும்போதே, திரும்பிப் போய்ச் சரி என்று சொல்லிவிடலாமா என்று ரெண்டு தடவை தோன்றியது. போகாததற்குக் காரணம் இருக்கிறது. உன் நல்லதுக்கென்று ஒரு முறை உன்னை நான் ஏமாற்றியிருக்கிறேன், அது இன்றைக்கு இங்கே வந்து நிற்கிறது.

ஹாரன் விளையாட்டைச் சொல்கிறேன். நீ அதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாய்! பவித்ராவைப் பெண் பார்க்கப் போன வீட்டில் கூடச் சொன்னாய். மழைக்காலம், காலை நேரம், செம்பூர் பாலத்து இறக்கத்தில் நம் வேன் நின்றுவிட்டது. நான் உங்கள் எல்லோரையும் பார்த்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு எத்தனை ஹாரன் கேட்கிறது என்று எண்ணுங்கள், சரியாக எண்ணுகிறவர்களுக்குப் பரிசு என்றேன். நீதான் ஜெயித்தாய். நீளமாக ஒரு ஹாரன் வந்ததே, அதை ஒன்று என்று எண்ணுவதா மூன்று என்று எண்ணுவதா என்று உனக்கும் பின்சீட்டுப் பெண்ணுக்கும் சண்டை. அப்புறம் எல்லோருக்கும் வடாபாவ் வாங்கித் தந்தேன், பள்ளிக்கூடத்துக்கு லீவு. "என் அம்மா வேன் பிரேக்டவுன் ஆனாலும் ஜாலியா இருக்கும்" என்று நீ சொல்ல, பவித்ராவின் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டு காப்பி குடித்தேன்.

மகனே, அந்த நீளமான ஹாரன் நமக்குப் பின்னால் வந்த தண்ணீர் டேங்கர் அடித்தது. வேன் நின்றது சும்மா நிற்கவில்லை. இறங்கிக்கொண்டிருந்தபோதே எஞ்சின் செத்துவிட்டது. எஞ்சின் போனதும் ஸ்டீயரிங் கனத்துவிட்டது, என் ரெண்டு கை பலத்தையும் போட்டால்தான் கொஞ்சம் திரும்பியது. பிரேக்கை முதல் தடவை மிதித்தபோது பிடித்தது, அடுத்த தடவை காலுக்குக் கீழே மரக்கட்டையாக நின்றது. கண்ணாடியில் பார்க்கிறேன், டேங்கரின் முகம் மட்டும்தான் தெரிகிறது, ரோடு தெரியவில்லை. ஈரத்தில் அவனுக்கு பிரேக் பிடிக்கவில்லை, ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் வருகிறான். பின்சீட்டில் அத்தனை பிள்ளைகள். முன்சீட்டில் நீ, டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு. பார்த்து அலறக் கூடாது என்றுதான் கண்ணை மூடச் சொன்னேன். வேறு எதுவும் செய்ய எனக்கு நேரமும் இல்லை, தெரியவும் இல்லை. டேங்கர்காரன் எப்படியோ பக்கத்து வரிசையில் ஒடித்து, நம் பக்கக் கண்ணாடியை மட்டும் அடித்துக்கொண்டு போனான். அந்தக் கண்ணாடி முந்தின நாளே உடைந்தது என்று உனக்குச் சொன்னேன். வடாபாவ் வாங்கக் கடைக்குப் போனேனே, கடைக்குப் பின்னால் போய் நின்று முதலில் அழுதுவிட்டு வந்தேன்.

அந்த வேனில் பெல்ட் புதிது. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் மாற்றியது. அப்போது இருந்த மெக்கானிக்கும் உன் அப்பாவும் பேசி, பம்ப் கசியவில்லை, ஓடுகிறவரை ஓடட்டும் என்று பெல்ட்டை மட்டும் போட்டார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பம்பின் பேரிங் இறுகி, புது பெல்ட்டை அரைத்துத் துண்டாக்கிவிட்டது. கழற்றியபோது மெக்கானிக் அந்தத் துண்டை என்னிடம் நீட்டி, "தேகோ பாபி, பெல்ட் தோ ஏக்தம் நயா ஹை" என்றான். பெல்ட் புத்தம் புதிதுதான், அதில் அவன் சொன்னது சத்தியம். அன்று சாயங்காலம் உன் அப்பா, "ஏளா, யாருக்கும் ஒண்ணும் ஆவலல்லா?" என்று கேட்டார். ஒன்றும் ஆகவில்லை என்றேன். அவரும் அதை நம்பித்தான் இத்தனை நாள் நிம்மதியாக டி.வி. பார்த்துக்கொண்டிருக்கிறார்.

யோசித்துப் பார். ட்ரெயினுக்கும் மழைக்கும் மின்விசிறிக்கும் ஊரைக் கூட்டிப் பயத்தைக் காட்டினேன். நிஜமாக ஆபத்து வந்த அந்த ஒரே நாளில் அதை விளையாட்டு என்று சொல்லிவிட்டேன். நீ அதைத்தானே நம்புவாய்? அம்மா பயந்தால் ஒன்றும் நடக்காது, வண்டி நின்றுபோனால் ஜாலி. இந்தப் பாடத்தை உனக்கு நான்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். உன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை, உன்னைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. அதனால்தான் காதர் பாய் சொன்ன வழி வேண்டாம் என்றேன். இன்னொரு தடவை உன் கண்ணை மூட எனக்கு மனசு வரவில்லை. இனிமேல் முன்சீட்டில் டிரைவர் நீ. இன்னும் மூன்று மாதத்தில் பின்சீட்டில் உன் பிள்ளை இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைப் பவித்ரா தாண்டிவிடுவாள் என்று பயமாக இருக்கிறது. போன மாதம் பூனா போய்விட்டு வரும்போது வண்டியில் விசில் மாதிரி ஒரு சத்தம் கேட்கிறது என்று அவள் சொன்னாளாமே. நீ ரேடியோவைச் சத்தமாக வைத்தாயாம். சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னாள், குறையாகச் சொல்லவில்லை. கல்யாணம் ஆனவனுக்கு உன் அப்பா நிறைய புத்தி சொல்லியிருப்பார், நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன். சத்தம் கேட்கிறது என்று பெண்டாட்டி சொன்னால் முதலில் ரேடியோவை நிறுத்து. நிறுத்திய பிறகும் ஒன்றும் கேட்கவில்லை என்றால் அப்போது சிரித்துக்கொள்ளலாம், அவளும் உன்னோடு சேர்ந்து சிரிப்பாள்.

அன்றைக்கு அவள் சொன்னது அது மட்டும் இல்லை. மலை ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ரெண்டு என்று நான் உனக்குப் போன் செய்தேனே. "காட் ஏறிட்டியாய்யா, லாரிக்குப் பின்னால போவாத, மெதுவாப் போ" என்று. பவித்ரா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அத்தை, கோச்சுக்கிடாதீங்க. நீங்க போன் பண்ணும்போதெல்லாம் அவிய ஒத்தக் கையாலதான் ஓட்டுதாவ. எடுக்காட்டா நீங்க பயந்துருவீங்கன்னு எடுக்காவ." எனக்குச் சுருக்கென்றது. காரில் எது தேய்ந்திருக்கிறது, எது ஆடுகிறது என்று நான் இங்கே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த வளைவில் உன் கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்தது நான். பெல்ட்டும் இல்லை, பம்பும் இல்லை, நான்.

அதனால் நான் ஒன்று விட்டுக்கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கிளம்பியதிலிருந்து பூனா வீட்டுக் கதவைத் திறக்கிறவரை போன் செய்ய மாட்டேன். என் போனை உன் அப்பாவிடம் கொடுத்துவிடுவேன். அவர் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கிவிடுவார், கேட்டாலும் கிடைக்காது. பூனா வீட்டுப் பால்கனிக் கம்பி இடைவெளி அதிகம் என்றேனே, அதையும் விட்டுவிட்டேன், அது வெறும் பயம். பிள்ளை பிறந்து தவழ்கிறபோது பார்த்துக்கொள்ளலாம். கீஸர், லிஃப்ட், அங்கே குளிருக்குப் பவித்ராவுக்குச் சளி பிடிக்கும் என்றது, எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். இதை மட்டும் என்னால் விட முடியவில்லை.

நாளைக் காலை கடை திறந்ததும் காதர் பாய் சாமான் வாங்கக் குர்லாவுக்குப் போகிறார். அதற்குள் நீயே அவருக்குப் போன் செய். பெல்ட்டோடு டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப், ரெண்டு தண்டுக்கும் ஆயில் சீல், கூலண்ட் புதிது. டென்ஷனருக்குப் பழைய போல்ட்டையே திரும்ப முறுக்க வேண்டாம், புதிது போடச் சொல். மவுண்ட், ஹோஸ், ஃபேன் பெல்ட் வேண்டாம், அவர் கேட்டாலும் வேண்டாம். எல்லாம் மாட்டிய பிறகு சாவியைப் போடுவதற்கு முன்னால் எஞ்சினைக் கையால் சுற்றி, ரெண்டு தண்டின் சக்கரத்திலும் போட்டிருக்கிற குறிகள் நேராக வந்து சேர்கின்றனவா என்று பார்க்கச் சொல். முடிந்தால் நீ பக்கத்தில் நின்று பார். நீ போய் நின்றால் அவர் பொறுமையாகச் செய்வார், உனக்கும் உன் வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியும். ஒரு நாள் தாமதமாகும் என்றால் திங்கட்கிழமை போங்கள். டெம்போக்காரனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

உன் அப்பா இப்போது பின்னால் வந்து நின்று இதையெல்லாம் படித்தார். டேங்கர் வருகிற இடம்வரை வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "எங்கிட்டயும் சொல்லலயேளா" என்றார். பிறகு போய் உட்கார்ந்துவிட்டார். டி.வி.யைப் போடவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு பெல்ட் மட்டும் போதும் என்றே உனக்குப் பட்டால் நான் சண்டைபோட மாட்டேன், காதர் பாயிடம் பின்வாசல் வழியாகவும் போக மாட்டேன். எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்று மட்டும் சொல். நானும் வருகிறேன். பின்சீட்டில், பவித்ராவுக்கு நேர் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன். போகிற வழியெல்லாம் வாய் திறக்க மாட்டேன், கண்ணையும் மூட மாட்டேன். மலைப்பாதை எனக்கு ஆகாது, முதல் வளைவிலேயே குமட்டும் என்பது உனக்குத் தெரிந்ததுதான். எலுமிச்சம்பழம் வாங்கி வைத்துவிட்டேன்.

அம்மா